செல்போர்னில் எட்டு ஜோடி உழவாரன்கள்



1783-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, தென் இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்தின் நிலவரக் கணக்கு ஒன்று எழுதப்பட்டது. குடும்பங்கள் 136. தெருவில் குடியிருப்பவர்கள் 313 பேர். சுற்றிலும் பண்ணைகளிலும் குடிசைகளிலும் இருப்பவர்கள் 363 பேர். ஆக மொத்தம் 676. அரசாங்கம் கேட்டு எழுதிய கணக்கு அல்ல இது. இங்கிலாந்தில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. அதைத் தன் புத்தகத்தில் சேர்த்து வைத்தவர் அந்த ஊர்க்காரர், கில்பர்ட் ஒயிட். அதே ஊரில் எத்தனை உழவாரன் குருவிகள் கூடு கட்டுகின்றன என்றும் அவர் எண்ணினார். எட்டு ஜோடி. பாதி தேவாலயத்தில், மீதி ஊரிலேயே ஏழ்மையான, தாழ்ந்த கூரை வேய்ந்த குடிசைகளில்.

மனிதர்களையும் குருவிகளையும் ஒரே அக்கறையோடு எண்ணிய அந்த மனிதரைப் பற்றியும், அவர் ஊரைப் பற்றியும் உங்களோடு பேச வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. இந்த இதழில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

செல்போர்ன், ஹாம்ப்ஷர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த சாட்டன் கிராமம் பக்கத்தில்தான். ஊர் என்பது ஏறத்தாழ ஒரே தெரு. முக்கால் மைல் நீளத்துக்கு வளைந்து நெளிந்து போகும். தெருவுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று ஒன்று 300 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழுகிறது. அதன் சரிவு முழுக்க பீச் மரங்கள். ஊரார் அந்தச் சரிவுக் காட்டை ‘ஹாங்கர்’ என்பார்கள். குன்றின் மேல் ஆடுமாடு மேயும் பொதுநிலம்.

தெருவின் ஒரு பக்கம் இறுகிய களிமண், மறுபக்கம் கோதுமையும் ஹாப்ஸும் நன்றாக விளையும் வளமான மண். பீருக்குக் கசப்புச் சுவை தருகிற கொடிதான் ஹாப்ஸ். நெடிய கழிகள் நட்டுப் படரவிடுவார்கள். அன்று கிணறுகளின் ஆழம் சராசரியாக 63 அடி. தண்ணீர் தெளிவாக, குடிக்க இதமாக இருக்கும். ஆனால் சோப்பு நன்றாக நுரைக்காது. இதையும் ஒயிட் எழுதியிருக்கிறார். கிணற்றுத் தண்ணீரில் துணி துவைத்துப் பழகியவர்களுக்கு இந்த ஒரு தகவலே அந்த ஊர் நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

ஊர்த் தலைமாட்டில் ஓர் ஊற்று உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. 1781-இல் கடும் வறட்சி. கிணறுகள் பொய்த்தன, குளங்கள் காய்ந்தன. செப்டம்பர் 14-ஆம் தேதி ஒயிட் அந்த ஊற்றடிக்குப் போய் நீரை அளந்தார். நிமிடத்துக்கு 9 காலன். ஒரு நாளைக்கு 12,960 காலன். அந்தப் பக்கத்து மேட்டுநிலத்தில் பிறக்கும் நீர் இரண்டு திசைக்குப் பிரிகிறது. தெற்கே போவது அருண் ஆற்றில் சேர்ந்து ஆங்கிலக் கால்வாயில் கலக்கிறது. வடக்கே போவது வே ஆற்றோடும் பிறகு தேம்ஸோடும் சேர்ந்து, லண்டனைக் கடந்து வடகடலுக்குப் போகிறது. முக்கால் மைல் தெரு உள்ள ஊரிலிருந்து இரண்டு கடல்களுக்குத் தண்ணீர் போகிறது!

அந்த ஊருக்குள் வருவதற்கு இருந்த பாதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்ட்டன் பக்கமிருந்து ஒன்று, உல்மர் காட்டுப் பக்கமிருந்து ஒன்று. நூற்றாண்டுக் கணக்கில் வண்டிச் சக்கரங்களும் மழைநீரும் அறுத்து அறுத்து, வயல் மட்டத்துக்குக் கீழே 16 அடி, 18 அடி ஆழத்துக்கு அவை இறங்கிவிட்டன. இரு பக்கமும் பாறைச் சுவர். சுவரில் மர வேர்கள் பின்னிக் கிடக்கும். குளிர்காலத்தில் கசியும் நீர் உறைந்து பனிக்கட்டி விழுதுகளாகத் தொங்கும். மேலே ஒற்றையடிப் பாதையில் நடந்துபோகும் பெண்கள் எட்டிப் பார்த்தால் அஞ்சுவார்களாம். குதிரையில் வருபவர்களுக்கே உடல் நடுங்குமாம். ஆனால் அங்கேதான் அரிய பெரணிகள் முளைக்கும் என்பதால் ஒயிட்டுக்கு அந்தப் பாதைகள் பிடிக்கும்.

கில்பர்ட் ஒயிட் 1720-இல் இந்த ஊரின் பாதிரியார் இல்லத்தில் பிறந்தார். தாத்தாதான் அப்போது பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். வெளியூரில் வசதியான வேலைகளுக்கு வாய்ப்பு இருந்தும், ‘வேக்ஸ்’ என்ற தன் குடும்ப வீட்டுக்கே திரும்பினார். செல்போர்னின் தலைமைப் பாதிரியார் பதவி அவருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. அதற்கு ஆளை நியமிக்கும் உரிமை, அவர் படிக்காத வேறொரு கல்லூரியிடம் இருந்தது. உதவிப் பாதிரியாராகவே பணி செய்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1793 ஜூன் 26-இல் அதே வீட்டில் இறந்தார். கல்லறையில் பேரின் முதலெழுத்துகள் இரண்டும் தேதியும் மட்டும் வெட்டிய சிறு கல்.

வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். மீதி எல்லாம் அவர் பார்த்தது. 1751-லிருந்து தோட்டக் குறிப்பு. எந்த நாள் எந்த விதை ஊன்றினோம், முலாம்பழப் பாத்திக்கு எத்தனை வண்டி எரு வந்தது என்ற கணக்கு. 1768-லிருந்து இயற்கை நாட்குறிப்பு. காற்று, மழை, முதல் பூ, முதல் பறவை. இறக்கும் மாதம் வரைக்கும் 25 ஆண்டுகள் அதை விடவில்லை. 1753-இல் தம்பி ஜானோடு சேர்ந்து ஹாங்கர் சரிவில் மேலே ஏற வளைந்து வளைந்து ஒரு பாதை வெட்டினார். ஊருக்கு வருகிறவர்கள் இன்றும் அந்தப் பாதையில்தான் மூச்சு வாங்க ஏறுகிறார்கள்.

அவர் பார்த்த விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் மரங்களில் வசந்த காலத்தில் பச்சையும் மஞ்சளுமாகச் சிறு கதிர்க்குருவிகள் திரியும். எல்லாம் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரிவது கடினம். ஒயிட் காதால் கேட்டார். ஒன்று இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இன்னொன்று மேலிருந்து கீழே குழைந்து இறங்குகிறது. மூன்றாவது, உயரமான பீச் மரங்களின் உச்சியில் சிறகு நடுங்க ரீங்கரிக்கிறது. ஆகவே இவை மூன்று இனங்கள் என்று 1768-இல் தெளிவாக எழுதினார். பிறகு வந்த அறிவியல் அதை உறுதி செய்தது.

தேவாலயத்து இறவாரத்தில் ஆண்டுதோறும் வெண்கூகைகள் குஞ்சு பொரிக்கும். ஒயிட் கையில் கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டில் ஏதாவதொன்று இரையோடு திரும்பியது. இது எல்லாரும் கவனிக்கக்கூடியதுதான். அடுத்து அவர் எழுதியதைத்தான் நான் வியந்து வியந்து படிக்கிறேன். கூகை எலியைக் காலில் பிடித்துக்கொண்டு வருகிறது. இறவாரத்துக்குள் ஏற வேண்டுமானால் சுவர் விளிம்பைக் கால்களால் பற்ற வேண்டும். அதனால் நேரே கூட்டுக்குப் போகாமல் தேவாலயக் கூரைமேல் ஒரு கணம் உட்கார்ந்து, எலியைக் காலிலிருந்து அலகுக்கு மாற்றிக்கொண்டு, பிறகுதான் ஏறுகிறது. அந்த ஒரு கணத்தைப் பார்க்க எத்தனை மாலைப்பொழுதுகள் அங்கே நின்றிருப்பார்!

அறுவடை எலியைப் பிரிட்டனில் முதலில் அடையாளம் காட்டியவரும் அவர்தான். கோதுமைத் தாள்களில் ஏறித் திரியும் சின்னஞ்சிறு எலி அது. தராசுத் தட்டில் இரண்டு எலிகளை வைத்தார். மறுதட்டில் ஓர் அரைப்பென்னிச் செப்புக் காசு. எடை ஏறத்தாழச் சரியாக இருந்தது. அதன் கூடு ஒன்று அவருக்குக் கிடைத்தது. கோதுமை இலைகளைப் பின்னிச் செய்த, கிரிக்கெட் பந்து அளவுள்ள உருண்டை. எங்கே வாசல் என்றே தெரியவில்லை. மேசைமேல் உருட்டினால் கலையாமல் உருண்டது. உள்ளே கண் திறக்காத, மயிர் முளைக்காத எட்டுக் குட்டிகள். இத்தனை குட்டிகள் நெருக்கிக் கிடக்கும் பந்துக்குள் தாய் எப்படி ஒவ்வொன்றுக்கும் பால் கொடுத்திருக்கும் என்று யோசித்து யோசித்து எழுதுகிறார்.

இனி அந்த ஊர் மனிதர்களைப் பற்றி. 1775 நவம்பரில் எழுதி, ஒயிட் தன் புத்தகத்தில் சேர்த்த ஒரு கடிதம், ஏழைகள் வீட்டு விளக்கைப் பற்றியது. எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த பக்கங்கள் அவை. அந்த விளக்குக்குத் திரி, சதுப்பு நிலத்தில் வளரும் கோரை போன்ற ஒரு புல். கோடை உச்சத்தில் அது நன்றாக விளைந்திருக்கும். உடல் தளர்ந்த கூலிகளும் பெண்களும் குழந்தைகளும் போய் அறுத்து வருவார்கள். வந்ததும் காயாமல் தண்ணீரில் போட வேண்டும். பிறகு தோலை உரிக்க வேண்டும். உள்ளிருக்கும் வெண்மையான தக்கையைத் தாங்கிப் பிடிக்க, மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு மெல்லிய நாரை மட்டும் விட்டுவிட வேண்டும். கை பழகியவர்களுக்கே அது நேராக வரும். கண் தெரியாத ஒரு பெண் அந்த வேலையை வேகமாகவும் பிசகில்லாமலும் செய்வதைப் பார்த்ததாக எழுதுகிறார். உரித்த தண்டுகளைப் புல்தரையில் பரப்பி, சில இரவுகள் பனியில் வெளுக்கவிட்டு, பிறகு வெயிலில் காய வைப்பார்கள்.

அதன்பின் கொழுப்பில் தோய்க்க வேண்டும். பன்றி இறைச்சி வேகும் பானையில் மேலே மிதக்கும் கொழுப்பைச் சிக்கனமான குடும்பத்துப் பெண் வழித்துச் சேர்த்து வைத்திருப்பாள். கொஞ்சம் தேன்மெழுகு கலந்தால் கையில் பிசுக்கு ஒட்டாது, கூடுதல் நேரமும் எரியும். ஒயிட் ஒரு பவுண்டு தண்டுகளை எடைபோட்டு எண்ணச் சொன்னார். 1,600-க்கு மேல் இருந்தன. இரண்டடி நாலரை அங்குல நீளமுள்ள ஒரு தண்டைக் கொளுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். 57 நிமிடம் எரிந்தது. கணக்குப் போட்டால், ஒரு ஃபார்திங்குக்கு, அதாவது கால் பென்னிக்கு, ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம்.

ஆனால் பரம ஏழைகள் இதைச் செய்வதில்லை, அவர்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று அவர் குறைப்படுகிறார். தினமும் அரைப்பென்னி கொடுத்து மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள். காற்று புகும் அவர்கள் வீட்டில் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. அதே காசுக்குக் கோரைத் தண்டு 11 மணி நேரம் எரிந்திருக்குமே என்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. கொழுப்பு மிஞ்ச வேண்டுமானால் பானையில் இறைச்சி வேக வேண்டும். மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்க கையில் முதல் வேண்டும். அன்றாடக் கூலி அன்றாடம் கரைகிற வீட்டில் அன்றாடம்தான் சாமான் வாங்க முடியும். காற்று புகும் வீடு என்று அவரே எழுதிவிட்டார். அந்தச் சுவர்களை யார் அடைப்பது என்று கேட்காமல் போனார்.

கேட்கும் நாள் பிறகு வந்தது. 1830-ஆம் ஆண்டு தென் இங்கிலாந்து முழுவதும் விவசாயக் கூலிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கூலி குறைந்திருந்தது. கதிரடிக்கும் எந்திரங்கள் வந்து, குளிர்காலத்து வேலையையும் பிடுங்கிக்கொண்டன. அந்த நவம்பரில் செல்போர்ன் மக்கள் கொம்பூதிக் கூடினார்கள். தசமபாக வரியைக் குறைக்கும்படி பாதிரியாரைப் பணிய வைத்தார்கள். ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய இல்லத்தைக் கூரை பெயர்த்து இடித்தார்கள். பிறகு வழக்கு, தண்டனை. சிலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒயிட் இறந்து 37 ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் எண்ணிய 676 பேரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஹாங்கர் காட்டின் அழகைப் பேசும் எவரும் இந்த நவம்பரையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கில நாட்டுப்புறம் என்றதும் ரோஜாப் பந்தலும் தேநீர்க் கோப்பையுமாக ஒரு படம் நமக்குப் பழகிவிட்டது. அந்த மண்ணில் பசியும் இருந்தது.

செல்போர்னின் மரங்களுக்கும் தனி வரலாறு உண்டு. தேவாலயத்துக்கு அருகே ‘பிளெஸ்டர்’ என்று ஒரு திறந்தவெளி. அங்கே குட்டையான பருத்த அடிமரமும், வெளி முழுதும் பரந்த கிளைகளுமாக ஒரு பழைய ஓக் மரம் நின்றது. சுற்றிக் கற்படிகளும் இருக்கைகளும் கட்டியிருந்தார்கள். கோடை மாலைகளில் பெரியவர்கள் உட்கார்ந்து ஊர்ப்பேச்சு பேச, பிள்ளைகள் எதிரே ஆடிப் பாடுவார்கள். 1703-இல் இங்கிலாந்தை உலுக்கிய பெரும்புயலில் மரம் விழுந்தது. ஊர் கலங்கியது. பாதிரியார் பல பவுண்டுகள் செலவழித்து, விழுந்த மரத்தைத் தூக்கி நிறுத்தினார். அது சில காலம் துளிர்விட்டது; பிறகு பட்டுப்போனது. இது ஒயிட் பிறப்பதற்கு முன் நடந்தது. ஊரார் சொல்லக் கேட்டு எழுதியது.

தேவாலய வாசலில் ஒரு யூ மரம் இருந்தது. அடிமரத்தின் சுற்றளவு 23 அடி என்று ஒயிட் அளந்து எழுதியிருக்கிறார். 1990 ஜனவரி 25-ஆம் தேதிப் புயலில் அதுவும் சாய்ந்தது. வேரடி பெயர்ந்தபோது உள்ளே பழைய புதைகுழிகளின் எலும்புகள் வெளிப்பட்டன. இந்த முறையும் ஊர் சும்மா இருக்கவில்லை. கிளைகளைத் தறித்து, அடிமரத்தை இழுத்து நிமிர்த்தி, மீண்டும் நட்டார்கள். சில ஆண்டுகளில் அதுவும் பட்டது. ஏறக்குறைய 300 ஆண்டு இடைவெளியில் ஒரே ஊர், விழுந்த மரத்தை இரண்டு முறை தூக்கி நிறுத்திப் பார்த்திருக்கிறது. இரண்டு முறையும் பிழைக்கவில்லை என்பதைவிட, இரண்டு முறையும் முயன்றார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மூன்றாவது மரத்தின் கதை கொடியது. பக்கத்துத் தோப்பில் ஓர் ஓக் மரத்தில் அண்டங்காக்கைகள் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டி வந்தன. மரத்தின் நடுப்பகுதி பெரிதாகப் புடைத்திருந்ததால், எந்தச் சிறுவனாலும் அதைத் தாண்டி ஏற முடியவில்லை. ஏறிப் பார்த்த பையன்கள் எல்லாரும் பாதியில் இறங்கினார்கள். பிறகு ஹாம்ப்டன் கோர்ட் அருகே ஒரு பாலத்தைப் பழுதுபார்க்க மரம் தேவைப்பட்டது. தோப்பை விலைபேசி வெட்டினார்கள். அது பிப்ரவரி மாதம். காக்கை முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பருவம். ரம்பம் அறுத்தது, ஆப்பு அடித்தார்கள், சம்மட்டி ஓசை காடெல்லாம் கேட்டது, மரம் சாயத் தொடங்கியது. தாய்ப்பறவை எழவில்லை. கடைசியில் மரம் முறிந்து விழுந்தபோது கூட்டிலிருந்து வீசப்பட்டு, கிளைகள் சாட்டையாக அடிக்க, செத்துத் தரையில் விழுந்தது. ஒயிட் இதை நாலைந்து வரியில் எழுதிவிட்டு, மேலே ஒரு சொல்லும் அழவில்லை. 250 ஆண்டுக்கு முந்தைய ஒரு காக்கைக்காக நாம் இன்று வருந்துகிறோம் என்றால் அந்த அடக்கம்தான் காரணம்.

1783 கோடையில் அவர் ஊர் வானத்தில் என்ன நடந்தது என்பது இன்னொரு வியப்பு. ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை விசித்திரமான ஒரு புகைமூட்டம். நடுப்பகலில் சூரியன், மேகம் மூடிய நிலாவைப்போல வெளிறித் தெரிந்தது. அறைக்குள் விழுந்த வெயில் துருநிறமாக இருந்தது. காலையும் மாலையும் சூரியன் இரத்தச் சிவப்பு. வெட்டிய இறைச்சி மறுநாளைக்குத் தாங்கவில்லை. ஈக்கள் மொய்த்துக் குதிரைகள் வெறிபிடித்தவைபோல் ஆயின. மக்கள் அஞ்சினார்கள். அன்று இத்தாலியில் நிலநடுக்கமும் நார்வேக் கடல்பக்கம் எரிமலையும் என்று செய்திகள் வந்ததை ஒயிட் கூடவே குறித்து வைத்தார். ஐஸ்லாந்தில் லாக்கி என்ற எரிமலைப் பிளவு அந்த ஜூன் 8-ஆம் தேதி வெடித்து, பல மாதம் கந்தகப் புகையைக் கக்கியது என்று இன்று நமக்குத் தெரியும். அந்தப் பேரிடர் இங்கிலாந்தை எப்படித் தொட்டது என்று ஆராய்கிறவர்கள் இன்றும் இந்தக் கிராமத்துக் குறிப்பை எடுத்துப் பார்க்கிறார்கள்.

மண்புழுவையும் அவர் விடவில்லை. அற்பமாகத் தெரிகிற இந்தப் பிராணி, மண்ணைத் துளைத்து, இலைகளை உள்ளே இழுத்து, மழைநீரை இறங்கவிட்டு நிலத்தை வாழவைக்கிறது; இதை யாராவது முறையாக ஆராய வேண்டும் என்று 1777-இல் எழுதினார். உழவர்களும் தோட்டக்காரர்களும் புழுவைப் பகையாக நினைத்த காலம் அது. 1881-இல் சார்ல்ஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 

அவர் வீட்டில் ஆமை ஒன்றும் இருந்தது. பேர் திமோத்தி. அத்தையிடமிருந்து வந்தது. 1780 வசந்தத்தில் சசெக்ஸிலிருந்து 80 மைல் குதிரை வண்டியில் அதைக் கொண்டுவந்தார். எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளியே வருகிறது, மழை வருமுன் என்ன செய்கிறது என்று ஆண்டுதோறும் குறித்தார். அதன் ஓடு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பெண் ஆமை என்று பின்னாளில் தெரிந்தது.

அவருக்கு விடை கிடைக்காத கேள்விகளும் இருந்தன. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன? ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜான், அவை கடல் தாண்டிப் போவதைப் பார்த்து எழுதினார். ஆனாலும் எல்லாமே போய்விடுகின்றன என்று ஒயிட்டால் நம்ப முடியவில்லை. சில இங்கேயே பொந்துகளில் உறங்கிக் கிடக்கும் என்ற ஐயம் விடவேயில்லை. ஆட்களை அமர்த்திக் குன்றின் புதர்களைத் தேடச் செய்தார், ஒன்றும் அகப்படவில்லை. 1911 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷரில் காலில் வளையம் மாட்டிவிட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பிடிபட்டது. ஒயிட் இறந்து 119 ஆண்டுகள் கழித்து அவர் கேள்விக்கு விடை வந்தது.

‘செல்போர்னின் இயற்கை வரலாறும் தொல்பொருள்களும்’ என்ற அவர் புத்தகம் 1789-ஆம் ஆண்டுத் தேதியிட்டு வெளிவந்தது. வெளியிட்டவர் லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்த தம்பி பெஞ்சமின். இருநூறுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. அதன் இயற்கை வரலாற்றுப் பகுதி முழுக்கக் கடிதங்கள்தாம். தாமஸ் பென்னன்ட், டேய்ன்ஸ் பாரிங்டன் என்ற இரண்டு அறிஞர்களுக்கு எழுதியவை. ஊரை அறிமுகம் செய்யும் முதல் சில கடிதங்கள் மட்டும் தபாலில் போகாதவை. புத்தகத்துக்கென்று பிறகு எழுதிச் சேர்த்தவை. பதிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். வாசகரை நேரே குருவிக்கூட்டின் முன் நிறுத்த முடியாது. முதலில் தெருவைக் காட்ட வேண்டும், கிணற்றைக் காட்ட வேண்டும்.

கட்டுரையாக எழுதாமல் கடிதமாக எழுதியதால்தான் இந்தப் புத்தகம் வாழ்கிறது என்று நான் நினைக்கிறேன். கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. நேற்று பார்த்ததை இன்று சொல்லலாம். தெரியாததைக் கேள்வியாக விடலாம். அடுத்த ஆண்டு வேறு மாதிரி தெரிந்தால் மாற்றிச் சொல்லலாம். ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பே எழுதுகிறவரைச் சரியாகப் பார்க்க வைக்கிறது.

செல்போர்ன் இன்றும் சிறிய ஊர்தான். ஹாங்கர் காடும் மேலே உள்ள பொதுநிலமும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கின்றன. சுற்றுவட்டாரம் சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அடங்குகிறது. வேக்ஸ் வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. ஆனால் பறவைகளின் நிலை நன்றாக இல்லை. உழவாரன்கள் பிரிட்டன் முழுவதும் வேகமாகக் குறைந்து, 2021 டிசம்பரில் அங்கே அபாயச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பழைய கூரைகளைப் புதுப்பிக்கும்போது அவை கூடு கட்டும் இடுக்குகளை அடைத்துவிடுவது ஒரு காரணம், பூச்சிகள் அருகிவிட்டது இன்னொரு காரணம் என்கிறார்கள். இவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தேவாலயத்தை அண்ணாந்து பார்த்து, எட்டு ஜோடி என்று ஒருவர் எழுதிவைத்தது எத்தனை பெரிய காரியம்! ஆண்டுதோறும் அத்தனை குஞ்சுகள் பொரித்தும் மறு ஆண்டு அதே எட்டு ஜோடிதானே வருகிறது, மீதியெல்லாம் எங்கே போகின்றன என்றும் அவர் கேட்டார். உயிரினங்களின் எண்ணிக்கை எதனால் கட்டுப்படுகிறது என்று பின்னாளில் அறிவியல் கேட்ட பெரிய கேள்வியும் அதுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்காமல் முடிக்க மனம் வரவில்லை. அடுத்த இதழிலிருந்து ஊர்க்குறிப்புகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். தகைவிலான்கள் குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கும் வருகின்றன. வடக்கே ஆசிய நிலங்களிலிருந்து வந்து மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும். இந்த ஆண்டு உங்கள் தெருவில் முதல் தகைவிலானை எந்த நாள் பார்த்தீர்கள்? உங்கள் கிணறு எத்தனை அடி, இந்தக் கோடையில் எந்த மட்டத்துக்கு இறங்கியது? அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா? புயலில் சாய்ந்த மரம் எது, அதன் அடியில் யார் கடை வைத்திருந்தார்கள்? இப்படி ஒன்றே ஒன்று போதும். நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தேதியையும் ஊர்ப்பெயரையும் விட்டுவிடாதீர்கள். எண்ணியது எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அஞ்சலட்டை ஆனாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்